பாறை மேல் வளர்ந்த பொறுமை

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவுவதாக! ஆமீன்.



பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை நம்மை ஏவுகிறது. சூரத்துல் அன்கபூத்தில் இந்த ஏவல் இடம்பெற்றிருக்கிறது. நெடும்பயணம் செல்ல வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? அறிந்தவற்றைக் கொண்டு உள்ளத்தால் பயணம் செய்யலாம். அதற்குப் பணச் செலவில்லை; சிந்தனை ஒன்றே கட்டுச்சோறு.

இம்முறை நாம் போகவிருப்பது ஒரு பழங்காட்டுக்கு. ஜப்பான் நாட்டின் கியூஷூ பெருந்தீவுக்குத் தெற்கே, சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், யக்குஷிமா என்னும் சிறு தீவு இருக்கிறது. அத்தீவின் மலைக்காடு மூடுபனியிலேயே வாழ்கிறது. உலகத்தார் அனைவருக்கும் பொதுவான செல்வமென அதை 1993-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே நமக்குப் பாடம் சொல்ல மனிதர் எவரும் தேவையில்லை. மரங்களே போதும்.

மழையின் வீடு

யக்குஷிமாவின் பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் நடுவே எழுந்து நிற்கும் மியனோவுரா மலையின் உயரம் 1936 மீட்டர். கடலுக்குள்ளிருந்து கருங்கல் மலைகளை அள்ளி வைத்தாற்போன்ற தோற்றம். அத்தீவை ஒட்டி குரோஷியோ என்னும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஓடுகிறது. அந்நீரின் மேலிருந்து எழும் ஈரக்காற்று மலையில் மோதுகிறது. வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அம்மேகம் மரங்களுக்கிடையே மூடுபனியாகப் புகுந்து, பிறகு மழையாக இறங்குகிறது. கடலோரத்திலேயே ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலையின் மேற்பகுதியில் அது 8000 மில்லிமீட்டரையும் தாண்டுகிறது. மாதத்தில் 35 நாள் மழை பெய்யும் ஊர் இது என்று அத்தீவைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கடலோரத்தில் ஆல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் விழுதுவிட்டு நிற்கின்றன. சற்று மேலே, என்றும் பசுமை மாறாத அகன்ற இலைக் காடு. அதற்கும் மேலே ஊசியிலை மரங்கள். உச்சியில் குட்டை மூங்கில் புதர்கள். குளிர்காலத்தில் அவற்றின் மேல் வெண்பனி. வெப்ப நாட்டையும் குளிர் நாட்டையும் ஒரே மலைச்சரிவில் அடுக்கி வைத்திருக்கிறான் படைத்தவன்!

ஷிராத்தானி என்னும் பள்ளத்தாக்கின் வழியே காட்டுக்குள் நுழைந்தோமானால், முதலில் கண்ணில் படுவது பாசி. அத்தீவில் சுமார் 600 வகைப் பாசிகள் இருப்பதாக அறிந்தவர்கள் கூறுகின்றனர். பாறையின் மேல் பாசி. வேரின் மேல் பாசி. விழுந்து கிடக்கும் கிளையின் மேலும் பாசி. காடு முழுவதும் பச்சைத் தொழுகை விரிப்பை விரித்து வைத்தாற்போல் இருக்கிறது. மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே நிற்கும் மரம் நிழலாகத் தெரியும். அதற்கு அடுத்த மரம் தெரியாது. நீர் சொட்டும் ஓசையும், ஓடை பாயும் ஓசையும் மட்டும் கேட்கும். அந்த மௌனத்திலும் ஒரு தஸ்பீஹ் இருக்கிறது. வானங்களிலும் பூமியிலும் உள்ள யாவும் அவனைத் துதிக்கின்றன. அத்துதியை நாம்தாம் விளங்கிக்கொள்வதில்லை என்று திருமறை நமக்கு உணர்த்தவில்லையா?

ஆயிரம் வயதிலும் சிறுவன்

அக்காட்டின் தலைமக்கள் சுகி என்னும் ஊசியிலை மரங்கள். தேவதாருவைப் போல் நெடிது உயரும் மரம் இது. ஜப்பான் நாட்டின் பிற பகுதிகளிலும் சுகி வளர்கிறது. ஆனால் அங்கெல்லாம் அது பொதுவாக 500 ஆண்டுகள் வாழ்ந்தாலே பெரிது. யக்குஷிமாவின் மலையிலோ ஆயிரம் ஆண்டு, இரண்டாயிரம் ஆண்டு கண்ட மரங்கள் இன்றும் துளிர்த்துக்கொண்டிருக்கின்றன.

இத்தனை நீண்ட ஆயுள் எதனால் வந்தது? வளமான மண் கிடைத்ததனாலா? இல்லை என்பதுதான் வியப்பு. அங்கே மண்ணே அரிது. கருங்கல்லின் மேல் மெல்லிய போர்வையாக ஒரு படலம் மண். அதிலுள்ள சத்தையும் பெருமழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே மரம் மிக மெதுவாகத்தான் வளர முடிகிறது. ஆண்டுதோறும் மரத்துக்குள் உண்டாகும் வளையங்கள் நூல் இழைகளைப் போல் நெருங்கி அமைகின்றன. மரம் இறுகுகிறது, பிசின் மிகுதியாகச் சுரந்து தங்குகிறது. அந்தப் பிசினே மரத்தைப் புழுவும் பூஞ்சையும் அரிக்காமல் காக்கிறது. அள்ளிக் கொடுக்கும் நிலத்தில் விரைந்து வளர்ந்த மரம் விரைவில் உளுத்துவிடும். கிள்ளிக் கொடுக்கும் பாறையில் வளர்ந்த மரமோ, வெட்டப்பட்டு முந்நூறு ஆண்டுகள் ஆன பின்னரும் அதன் அடிக்கட்டை உளுக்காமல் கிடக்கிறது!

அத்தீவு மக்களின் பேச்சு வழக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆயிரம் ஆண்டு நிறைந்த மரத்தை மட்டுமே அவர்கள் யக்குசுகி என்று பெருமையாக அழைக்கின்றனர். அதற்குக் குறைந்த வயதுடைய மரத்தின் பெயர் கொசுகி. அதாவது சிறிய சுகி. தொள்ளாயிரம் வயது மரமும் அவர்கள் கணக்கில் சிறுவன்தான்!

சகோதரர்களே! இங்கே சற்று நின்று நம் இல்லங்களைத் திரும்பிப் பார்ப்போம். மதரஸாவுக்குப் போகத் தொடங்கி ஆறு மாதங்களில் பிள்ளை சரளமாக ஓதவில்லை என்றால், அவன் தலையில் ஒன்றும் ஏறாது என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, அவன் எதிரிலேயே அவனைக் குறைத்துப் பேசுகிறோம். மூன்று நாட்கள் தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு, கேட்டது கிடைக்கவில்லையே என்று நான்காம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். கடை திறந்த ஓராண்டில் இலாபம் கொழிக்காவிட்டால், ஹலாலான வழியில் பரக்கத்தே இல்லை என்று நாக்கு கூசாமல் சொல்பவரும் நம்மிடையே உண்டு.

எந்த சூரா நம்மைப் பயணம் செய்து பார்க்கச் சொன்னதோ, அதே சூரத்துல் அன்கபூத்தில்தான் நபி நூஹ் (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் தம் சமூகத்தாரிடையே ஐம்பது குறைய ஆயிரம் ஆண்டுகள் தங்கியிருந்த வரலாறும் வருகிறது. 950 ஆண்டுகள்! அவர்களை ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலரே. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் அதைத் தோல்வி என்று எழுதிவிடுவோம். அல்லாஹ்வோ அவர்களுடைய பெயரைக் காலமெல்லாம் ஓதப்படும் வேதத்தில் நிலைநிறுத்தினான். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாக இருந்தாலும் விடாமல் தொடர்ந்து செய்யப்படுவதே என்னும் நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பொன்மொழியின் பொருள் ஒரு மரத்துக்குள் வளையம் வளையமாக எழுதப்பட்டிருப்பதை அக்காட்டில் காணலாம். ஓராண்டு வளையத்தைத் தனியே எடுத்தால் அது ஒரு மயிரிழை. ஆயிரம் சேர்ந்தால் புயலுக்கும் அசையாத தூண்.

எனவே, வாழ்வு நெருக்கடியாக இருக்கிறதே, நம் உழைப்பு மெதுவாகத்தான் பலிக்கிறதே என்று வருந்துவோர் மனம் தளர வேண்டாம். தாமதம் எல்லாம் தண்டனையாகிவிடாது. பாறையின் மேல் நிறுத்தப்பட்டவனுக்குள் அல்லாஹ் எந்தப் பிசினைச் சுரக்கச் செய்துகொண்டிருக்கிறான் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் அறிய மாட்டார்.

கோடரி ஒதுக்கிய மரம்

யக்குஷிமாவின் காட்டில் முற்றாகக் கோடரி படாமல் இருந்துவிடவில்லை. அங்கே ஓர் அடிக்கட்டை இருக்கிறது. 1914-இல் அங்கே சென்ற வில்சன் என்னும் தாவர அறிஞரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட மரம் அது. உள்ளே பொள்ளலாகி, பலர் ஒன்றாகச் சென்று நிற்கும் அளவுக்கு அறைபோல் இருக்கிறது. அதனுள்ளே ஒரு சிற்றூற்றும் ஓடுகிறது.

முற்காலத்தில் அத்தீவு மக்கள் பெருமரங்களில் தெய்வம் குடியிருப்பதாக நம்பி, அவற்றைத் தொட அஞ்சினர். தீவில் நெல் விளையும் நிலம் குறைவு. ஆளும் பிரபுவுக்கு வரி செலுத்த வழியில்லை. 17-ஆம் நூற்றாண்டில் தோமாரி ஜோசிக்கு என்னும் அவ்வூர்க் கல்விமான், மக்களின் வறுமையைக் கண்டு, மரம் வெட்ட வழிகாட்டினார் என்று வரலாறு கூறுகிறது. அன்று முதல் கூரை வேயும் மெல்லிய பலகைகளாக மரத்தைப் பிளந்து, அவற்றையே வரியாகச் செலுத்தினர். அடுத்து வந்த இருநூறு ஆண்டுகளில் பெருமரங்களில் பெரும்பாலானவை வீழ்ந்தன. 1923-இல் மலைக்குள் தண்டவாளம் போடப்பட்டது. மரம் வெட்டுவோருக்காகக் கொசுகிதானி என்று ஓர் ஊரே காட்டுக்குள் எழுந்தது. பள்ளிக்கூடமும் அங்கே நடந்தது. 1970-இல் அவ்வூர் காலியாயிற்று. இன்று அத்தண்டவாளத்தின் மேல் நடந்துதான் மக்கள் காட்டைக் காணப் போகின்றனர்.

படைப்பை வணங்குவது நம் மார்க்கத்தில் இல்லை. வணக்கம் படைத்தவன் ஒருவனுக்கே. ஆயினும் ஒன்றை நாம் நாணத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டும். தவறான நம்பிக்கையால் பிறந்த அச்சமே அவர்களுடைய கையைப் பல நூற்றாண்டுகள் தடுத்து வைத்தது. மரமும் நீரும் அல்லாஹ்வின் அமானிதம் என்று சரியாக அறிந்திருக்கும் நம்முடைய கையை எது தடுத்து வைத்திருக்கிறது? மதீனா நகரைப் புனித எல்லையாக அறிவித்து, அங்குள்ள மரங்களை வெட்டலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். படை அனுப்பும்போதுகூடக் கனி தரும் மரங்களை வெட்ட வேண்டாம் என்று கலீஃபா அபூபக்ர் (ரலியல்லாஹு அன்ஹு) அவர்கள் கட்டளையிட்டார்கள். போர்க்களத்திலேயே மரத்துக்கு அபயம் தந்த மார்க்கம் நம்முடையது!

இத்தனை வெட்டுக்கும் தப்பி அந்தப் பழைய மரங்கள் எப்படி எஞ்சின? இதுதான் அக்காட்டின் இரகசியம். நேராக, வழவழப்பாக உயர்ந்த மரமே பலகை பிளக்க உகந்தது. முடிச்சும் முறுக்குமாக வளைந்து வளர்ந்ததைக் கோடரிக்காரர்கள், எதற்கும் உதவாதது என்று தள்ளிவிட்டுப் போனார்கள். அப்படித் தள்ளப்பட்டவையே இன்று நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது ஜோமோன் சுகி. 1966-இல் இது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. உயரம் சுமார் 25 மீட்டர். அடிமரத்தின் சுற்றளவு 16 மீட்டருக்கு மேல். வயது குறைந்தது 2170 ஆண்டுகள் என்று ஒரு கணக்கு; 7200 ஆண்டுகள் என்று மற்றொரு கணக்கு. மரத்தின் நடுப்பகுதி பொள்ளலாகிவிட்டதால் அறிஞர்களின் கருவிக்கு முழு விடை கிட்டவில்லை. காட்டில் உதிரும் ஓர் இலையையும் அறிந்தவன் எவனோ, அவன் ஒருவனே அதன் உண்மையான வயதை அறிவான்.

உதவாதது என்று விடப்பட்டதைக் காண, இன்று மக்கள் போக வர 22 கிலோமீட்டர் நடக்கின்றனர். பத்து மணி நேரம் மழையில் நனைகின்றனர்.

நம் வீட்டில் ஒரு மூலையில் கிடக்கும் கட்டிலைப் பாருங்கள். அதில் முதுமையடைந்த வாப்பா படுத்திருப்பார். அல்லது கண் பார்வை மங்கிய உம்மும்மா இருப்பார்கள். அவர்களால் இனி சம்பாதிக்க முடியாது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள், இரவில் இருமுவார்கள். பிள்ளைகளுக்கிடையே யார் வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு அவர்கள் காதில் விழும்படியே நடக்கும். அன்பானவர்களே! நம்மிலுள்ள பலவீனர்களின் பொருட்டால்தான் நமக்கு உதவியும் உணவும் அளிக்கப்படுகின்றன என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். அப்படியானால், நாம் அவரைச் சோறு போட்டுக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பது எத்தகைய அறியாமை! அவரை முன்னிட்டு நாம் உண்டுகொண்டிருக்கிறோம். பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களிடம் சலிப்பாக ஒரு ‘சீ’ என்ற சொல்லும் வரக்கூடாது என்று அல்லாஹ் தடுத்திருப்பதை, நம் வீட்டுக் கட்டிலருகே நின்று நினைத்துப் பார்ப்போம்.

விழுந்ததன் மேல் எழுந்தது

அதே மலைப்பாதையில் ஒகினா சுகி என்று ஒரு மரம் இருந்தது. ஒகினா என்றால் முதியவர். சுமார் 2000 வயதுடைய அம்மரம், 2010 செப்டம்பரில் ஒடிந்து விழுந்தது. உடலெங்கும் பாசியும் செடிகொடிகளும் சுமந்து நின்ற முதியவர், ஒருநாள் சாய்ந்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டானாலும் முடிவு உண்டு. அழியாதிருப்பவன் அல்லாஹ் ஒருவனே.

ஆனால் அக்காட்டில் விழுவது வீணாவதில்லை. காட்டின் தரையில் இருட்டும் பாசியும் மிகுதி. அங்கே விழும் விதை பிழைப்பது கடினம். விழுந்த பெருமரத்தின் முதுகிலோ, வெட்டப்பட்ட அடிக்கட்டையின் மேலோ விழும் விதைக்குச் சற்று உயரமும் வெளிச்சமும் ஈரமும் கிடைக்கின்றன. அது அங்கே முளைத்து, தன் வேர்களை இறந்த மரத்தைச் சுற்றி இறக்கி நிலத்தைத் தொடுகிறது. இறந்த மரத்தின் மேல் இரண்டாவது மரம், அதுவும் வீழ்ந்த பின் அதன் மேல் மூன்றாவது மரம் என்று மூன்று தலைமுறைகளை ஒன்றாகக் காட்டி நிற்கும் மரமும் அங்கே உண்டு.

மனிதன் இறந்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, அவனுக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் தொடரும் என்ற ஹதீதுக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா? நம் முன்னோர் கட்டிவைத்த பள்ளியில் நாம் தொழுகிறோம். அவர்கள் வெட்டிவைத்த கிணற்றில் உளூ செய்கிறோம். அவர்களின் தோளில் நாம் முளைத்திருக்கிறோம். நாம் விழுந்த பின் நம் மேல் முளைக்க என்ன இருக்கிறது? இக்கேள்வியை ஒவ்வொருவரும் இன்றிரவு இஷாவுக்குப் பின் தம் உள்ளத்திடம் கேட்டுக்கொள்வோமாக.

அன்பும் மிதிக்கும்

காட்டை விட்டுத் திரும்புமுன் இறுதியாக ஒரு செய்தி. ஜோமோன் சுகி புகழ் பெற்ற பின் அதைக் காண மக்கள் திரண்டனர். தொட்டுப் பார்த்தனர், அடியில் நின்று படமெடுத்தனர். யாரும் தீங்கு நினைக்கவில்லை; எல்லோரும் நேசித்தே வந்தனர். அந்த நேசத்தின் கால்கள் பட்டு மண் கரைந்து, மரத்தின் வேர்கள் வெளியே தெரியலாயின. எனவே 1996-இல் சற்றுத் தொலைவில் ஒரு மேடை அமைத்து, அங்கிருந்து மட்டும் பார்க்கச் செய்தனர். பல நூற்றாண்டுகள் கோடரிக்குத் தப்பிய மரத்துக்கு அன்பர்களின் காலடியிலிருந்து பாதுகாப்புத் தேவைப்பட்டது!

அன்புக்கும் அதபு வேண்டும். பிள்ளை மீதுள்ள பாசத்தால் அவனுடைய வயதுக்கு மீறிய சுமையை ஏற்றுவதும், விருந்தாளி மீதுள்ள பிரியத்தால் அவருடைய தொழுகை நேரத்தைக் கெடுப்பதும், தண்ணீர் தாராளமாக இருக்கிறதே என்று குழாயைத் திறந்துவிட்டு உளூ செய்வதும் வேரை மிதிக்கும் அன்புதான். எட்ட நின்று காக்கத் தெரிந்தவனே நெருங்கி நிற்கும் தகுதியைப் பெறுகிறான்.

மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும், கையில் ஒரு கன்று இருந்தால், முடியுமானால் அதை நட்டுவிடுமாறு நம் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதன் கனியைத் தின்ன யாரும் இருக்க மாட்டார்கள். அதன் நிழலில் யாரும் அமர மாட்டார்கள். இருந்தும் நடச் சொன்னார்கள். விளைவு அல்லாஹ்விடம், நடுவது நம்மிடம். இதைவிடப் பெரிய பொறுமைப் பாடம் ஏது? இன்ஷா அல்லாஹ், இந்த வாரத்திலேயே நம் வீட்டு முற்றத்திலோ, பள்ளியின் ஓரத்திலோ, மையவாடியிலோ ஒரு கன்று நடுவோம். மெதுவாக ஓதும் பிள்ளையின் அருகில் சற்று நேரம் கூடுதலாக உட்கார்வோம். மூலைக் கட்டிலில் இருக்கும் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் நூறு முறை சொன்ன கதையை நூற்றோராம் முறையும் கேட்போம்.

யா அல்லாஹ்! பாறையின் மேலும் மரத்தை நிலைநிறுத்துபவனே! எங்கள் ஈமானின் வேரை உறுதியாக்குவாயாக! சிறிய அமல்களை விடாது செய்யும் உறுதியைத் தருவாயாக! எங்கள் முதியோரைக் கண்ணியப்படுத்தும் உள்ளத்தை எங்களுக்கு அளிப்பாயாக! நாங்கள் வீழ்ந்த பின் எங்கள் மீது நன்மைகள் முளைக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!